பாட்டியின் கெபாயாவைப் பெட்டியில் பூட்டாதே, தங்கச்சி!

தங்கச்சி, பாட்டி காலத்துப் பூவேலை உடுப்பு ஒன்று உன் கைக்கு வந்திருக்கிறதா? அப்படியானால் இத்தனை வருடம் யாரோ அதைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இனி அது உன் முறை.

பினாங்கில் அப்படிக் கைமாறி வரும் உடுப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது நியோன்யா கெபாயா. அது பாபா நியோன்யா வீடுகளில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதே. தமிழ் முஸ்லிம் வணிகர் வழியும் மலாய் வழியும் கலந்த ஜாவி பெரானக்கான் குடும்பங்களிலும் இருக்கும். மலாக்கா செட்டிச் சமூகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கெபாயாவும் சாரோங்கும் உடுத்துகிறவர்கள். சீனக் குழந்தையை எடுத்து வளர்த்த வீடு, சீன மருமகள் வந்த வீடு என்று நம்மவர் அலமாரிகளிலும் காஞ்சிபுரம் பட்டுக்குப் பக்கத்தில் கெபாயா இருக்கும். 2024 டிசம்பரில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, கெபாயாக் கலையை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றின. கலைக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது. உன் வீட்டில் இருக்கும் அந்த ஒரு கெபாயாவுக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை.

அக்கா சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இந்த ஊர் ஈரத்தில் பூட்டி வைத்த துணி சீக்கிரம் கெடும். அவ்வப்போது எடுத்துப் பார்க்கிற துணி நீண்ட நாள் வாழும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

1. முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்

மேசையில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போடு. மோதிரம், வளையலைக் கழற்று. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள். கிரீம் தடவிய கையோடு தொடாதே. பிறகு கெபாயாவை விரித்து, வெளிச்சத்தில் நிதானமாகப் பார்.

பழைய கெபாயா பெரும்பாலும் 'காசா ரூபியா' என்று சொல்லும் மெல்லிய வாயில் துணியில் இருக்கும். அதன் ஓரத்தை உற்றுப் பார். வளைவு வளைவாக ஓடும் அந்த ஓரம், 'பீக்கு', தனியாக வாங்கி வைத்துத் தைத்த லேஸ் இல்லை. துணியின் மேலேயே நெருக்கமாகத் தையல் ஓட்டி, அதற்கு வெளியே மிஞ்சிய துணியை நுனிக் கத்தரியால் ஒட்ட வெட்டி எடுத்திருப்பார்கள். பூவுக்குள் தெரியும் சின்னச் சின்னத் துளைகளும் ஒவ்வொன்றாகத் துணியை வெட்டி, வெட்டிய விளிம்பு பிரியாமல் நூலால் சுற்றிக் கட்டியவை. இந்த வேலைக்குப் பெயர் 'தெபோக் லூபாங்'. எல்லாம் மிதி தையல் மெஷினில் செய்தது. மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் இழுத்துக் கட்டிய துணியை இரண்டு கையாலும் நகர்த்தி நகர்த்தி ஊசியால் பூ வரைந்திருக்கிறார்கள்.

உள்பக்கம் திருப்பினால் நல்ல பூவேலை முன்பக்கம் போலவே தெளிவாக இருக்கும். பின்னால் எல்லா இடத்திலும் ஒரே வெள்ளை நூல் ஓடி, தாள் போன்ற விறைப்புத் துணி ஒட்டிக்கொண்டிருந்தால் அது அண்மைக் காலத்துக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி.

இதில் இன்னொன்றும் தெரியவரும். முன் ஓரமும் கீழ் ஓரமும் நூலால் கனத்திருக்கின்றன. அவற்றைத் தாங்கும் துணியோ காற்றில் பறக்கிற அளவுக்கு மெல்லியது. இப்படிப்பட்ட உடுப்பை ஹேங்கரில் தொங்கவிட்டால் ஓரத்தின் பாரமே தோள்பட்டையைக் கிழித்துவிடும். அதனால் பழைய கெபாயாவை ஒருநாளும் தொங்கவிடாதே.

2. துவைக்கலாமா என்று துணியைக் கேள்

சாயம் நிற்கிறதா என்று முதலில் சோதி. காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து, உள்பக்கத்தில் ஒவ்வொரு நிற நூலின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடி. பஞ்சில் நிறம் ஒட்டினால் வீட்டில் துவைக்காதே. அடுத்து சோப்புத் தண்ணீரிலும் அதே சோதனையைச் செய். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஏமாற்றும்.

பருத்தி வாயில், நிறம் நிற்கிறது, கிழிசல் இல்லை என்றால் மட்டும் இப்படித் துவை. அகலமான தொட்டியில் குளிர்ந்த தண்ணீர், ப்ளீச்சும் வெண்மையூட்டியும் சேராத மென்மையான திரவ சோப்பு சில துளிகள். கெபாயாவை ஒரு நைலான் வலைத்துணியின் மேல் படுக்கவைத்து, வலையோடு தண்ணீரில் இறக்கு. கால் மணி நேரம் ஊறட்டும். உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி எடு; கசக்காதே, பிழியாதே. தண்ணீர் தெளியும்வரை மாற்று. கடைசி அலசலுக்கு டிஸ்டில்ட் வாட்டர் கிடைத்தால் நல்லது. தூக்கும்போதும் வலையோடுதான் தூக்க வேண்டும். ஈரத்தில் துணியின் பாரம் கூடிவிடும், பழைய இழை தாங்காது. துண்டின் மேல் பரப்பி, நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவை.

கூட உடுத்தும் பத்தேக் சாரோங்குக்கு ஜாவாவில் 'லெராக்' என்ற காயின் நுரையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது நம் பூந்திக்கொட்டையின் உறவுக்காய். பாட்டி பட்டுக்கும் நகைக்கும் போட்ட அதே நுரை. ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரில் பத்தேக்கை அலசினால் சாயம் பிழைக்கும்.

பட்டு, ஜரிகை, மணிவேலை உள்ளவற்றை வீட்டில் நனைக்காதே. பழைய பழுப்புப் புள்ளிகளைப் போக்குகிறேன் என்று குளோரின் ப்ளீச் பக்கம் போகாதே. புள்ளி போகும், அந்த இடத்தில் துணியும் போகும். புள்ளியோடு இருக்கிற பாட்டியின் கெபாயா, ஓட்டை விழுந்த வெள்ளைக் கெபாயாவைவிட எவ்வளவோ மேல்.

3. கஞ்சியும் இஸ்திரியும்

வாயில் துணி விறைப்பாக நிற்கக் கஞ்சி போடுவது வழக்கம்தான். ஆனால் கஞ்சி, உடுத்துகிற நாளுக்கு மட்டும். கஞ்சியோடு மடித்து வைத்தால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. மாவுச்சத்துதான் அதற்குப் பிடித்த சாப்பாடு. எடுத்து வைக்கும் முன் கஞ்சி போக அலசிக் காயவை.

இஸ்திரி போடும்போது மேசையில் தடித்த துண்டை விரித்து, பூவேலை கீழே பார்க்கும்படி கெபாயாவைக் கவிழ்த்துப் போடு. மேலே மெல்லிய வெள்ளைத் துணி. குறைந்த சூடு. பூ துண்டுக்குள் அமுங்கி நிற்கும், நசுங்காது. துளை வேலை உள்ள இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனையை நுழைக்காதே. ஜரிகையின் மேல் சூடே வேண்டாம்.

4. ஈரத்தோடுதான் முழுப் போராட்டமும்

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பினாங்கில் ஆண்டின் பெரும்பகுதி அது 80-ஐ ஒட்டியே இருக்கிறது. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் சுவரே தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு உதிர்ந்து உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பாய். அந்தச் சுவரோடு ஒட்டி அலமாரி வைத்தால் உள்ளே இருப்பது என்னவாகும்?

அதனால் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட்டு வை. குளியலறைச் சுவர், வெயில் படும் வெளிச்சுவர் இரண்டும் ஆகாது. தரையில் பெட்டி வைக்காதே. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை உள்ளே போடு. 50-லிருந்து 55-க்குள் இருந்தால் நிம்மதி. விலை உயர்ந்த உருப்படிகள் பல இருந்தால், போட்டோகிராபர்கள் கேமரா வைக்கும் ட்ரை கேபினெட் நல்ல முதலீடு. சிலிக்கா ஜெல் போடுவதென்றால் நிறம் மாறும் வகையாக வாங்கு. துணியில் படாமல் வை. நிறம் மாறியதும் உலர்த்திப் போடு. உலர்த்த மறந்த சிலிக்கா ஜெல்லால் ஒரு பயனும் இல்லை.

உலர்சலவைக் கடை தரும் பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் போடு. அது ஈரத்தை உள்ளே பூட்டும். நாளானால் துணியை மஞ்சளாக்கும்.

பூஞ்சை வந்துவிட்டால் பதறாதே. மற்ற துணிகளிடமிருந்து உடனே பிரி. முகமூடி போட்டுக்கொண்டு, வெளியே காற்றோட்டமான நிழலில் முதலில் நன்றாக உலரவிடு. உலர்ந்த பிறகு மென்மையான பிரஷால் ஒரே திசையில் தட்டி எடு. ஈரத் துணியால் துடைத்தால் பூஞ்சை இழைக்குள் இறங்கிவிடும்.

5. மடிப்பை மாற்றிக்கொண்டே இரு

மரம் நாளாக நாளாக அமில ஆவியை விடும். கற்பூர மரப் பெட்டியும் அதற்கு விலக்கில்லை. துணி நேராக மரத்தில் பட்டால் பட்ட இடம் பழுப்பாகும். சாதா அட்டைப் பெட்டியும் செய்தித்தாளும் அதே கெடுதலைச் செய்யும். அமெரிக்க வீடுகளில் பாட்டியின் வெள்ளைக் கல்யாண கவுனை அட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்து, பல ஆண்டு கழித்துத் திறந்தால் மடிப்புக் கோடெல்லாம் காபி நிறத்தில் இருக்கும்.  இந்த ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கஞ்சி போகத் துவைத்த வெள்ளை மல்துணியைப் பெட்டிக்குள் விரித்து, அதில் கெபாயாவைப் படுக்க வை. கை, இடுப்பு மடியும் இடங்களில் அமிலமில்லாத டிஷ்யூ தாளை உருட்டி உள்ளே வை. கூர்மையான மடிப்பு விழாது. சாரோங்கையும் சேலையையும் மடிப்பதைவிட, மல்துணி சுற்றிய குழாயில் உருட்டி வைப்பது மேல். மடித்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடி. ஜரிகைப் பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே ஒடியும்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதே. ரப்பரில் உள்ள கந்தகம் ஜரிகையின் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

6. அந்துருண்டை வேண்டவே வேண்டாம்

இதை அக்கா கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்துப்பூச்சி பட்டையும் கம்பளியையும் தின்னும்; பருத்திக் கெபாயா அதற்கு வேண்டாத சாப்பாடு. ஆனால் நாப்தலின் உருண்டையின் வாடை துணியில் ஏறி இறங்காது. அதைவிடப் பெரிய ஆபத்து குழந்தைகளுக்கு. மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்தக் குறை உள்ள குழந்தைக்கு நாப்தலின் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், கடுமையான மஞ்சள்காமாலை வரும். பரம்பரைத் துணியில் பச்சைக் குழந்தையைப் போர்த்தி ஆசிவாங்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தத் துணி உருண்டைப் பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கவே கூடாது.

வேப்பிலையும் வசம்பும் நம் பாட்டிமார் வைத்ததுதான். வைக்கலாம், ஆனால் தனிப் பருத்திப் பையில் கட்டி, துணியில் படாமல். அவை பூச்சியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும், கொல்லாது. உண்மையான காவல் சுத்தமும் கண்காணிப்பும். வியர்வை, எண்ணெய், சாப்பாட்டுக் கறை இருக்கும் துணியைத்தான் பூச்சி முதலில் தேடும்.

பூச்சி இறங்கிவிட்டது தெரிந்தால் பிரீசரைப் பயன்படுத்து. துணியைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, இறுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதே. நீர்த்துளி பையின் வெளிப்பக்கம் கோத்துக் காயட்டும். மணி, உலோகம், ஜரிகை உள்ளவற்றுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

7. கெரோசாங்கைக் கழற்றி வை

கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. முன்னால் மூன்று ஊசிப் பதக்கங்கள், பெரியது தாய், சின்னவை இரண்டும் பிள்ளைகள். சில சங்கிலியால் கோத்திருக்கும். உடுப்போடு சேர்த்து எடுத்து வைத்தால் செம்பு கலந்த உலோகம் பச்சை பூத்துத் துணியில் இறங்கும். ஊசி துருப்பிடித்தால் அந்தத் துளையைச் சுற்றித் துணி பொடிந்துபோகும். தனிப் பெட்டியில் வை. அடுத்த முறை குத்தும்போது பழைய துளையிலேயே ஊசியை நுழை. புதுத் துளை போடாதே. முன் ஓரத்தை விரலால் தடவினாலே பழைய துளை எங்கே என்று தெரியும்.

8. உடுத்து, யோசித்து உடுத்து

துணி திடமாக இருந்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை உடுத்து. வீட்டில் கல்யாணம், தீபாவளித் திறந்த இல்லம் என்று பொருத்தமான நாள் பார். உள்ளே 'அனாக் பாஜு' என்ற பருத்தி உள்சட்டை கட்டாயம். வியர்வையும் டியோடரண்டும்தான் அக்குள் துணியை மஞ்சளாக்கி அரிப்பவை. சென்ட், பவுடர் எல்லாம் உடுத்தும் முன்பே போட்டுக் காயவிடு. மல்லிகைப் பூவும் கறை விடும், கெபாயாவில் படாமல் வை. கைப்பை வாரைத் தோளில் மாட்டாதே, கையில் பிடி.

நாசி கண்டார் குழம்பு தெறித்துவிட்டதா? தேய்க்காதே. சுத்தமான வெள்ளைத் துணியால் ஒற்றி எடு, அவ்வளவுதான். மிச்சத்தை வீட்டுக்கு வந்து பார்க்கலாம். உடுத்திய உடுப்பை அன்றைக்கே பெட்டியில் போடாதே. விரிப்பின் மேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் நன்றாக ஆறவிட்டு, மறுநாள் எடுத்து வை.

9. தைக்கும்போது குறைவாகத் தை

கிழிசலுக்குப் பாலியஸ்டர் நூல் போடாதே. அது பழைய பருத்தியைவிடப் பலமானது. இழுபடும்போது அறுவது நூல் இல்லை, துணி. மெல்லிய பருத்தி நூல், நுண்ணிய ஊசி. கிழிந்த இடத்துக்கு அடியில் அதே நிற வாயில் துண்டு வைத்து, நல்ல துணியிலிருந்து நல்ல துணிக்குத் தளர்வாகத் தையல் போடு. இஸ்திரியால் ஒட்டும் கேன்வாஸ், பசை இரண்டும் வேண்டாம். பிறகு எடுக்கவே முடியாது.

10. அளவு சேரவில்லையா? நகல் தைத்துக்கொள்

பாட்டியின் கெபாயாவை உன் அளவுக்கு வெட்டாதே. அதை மாதிரியாக வைத்துப் புதிது தைக்கச் சொல். பினாங்கில் கெபாயாவைப் பற்றிப் பேசினால் லிம் சுவீ கிம் என்ற கெபாயாக் கலைஞரின் பெயர் வராமல் இராது. அவர் மகன் கென்னி லோ அம்மாவின் தொழிலை இன்றைக்கு எடுத்து நடத்துகிறார். இப்படிக் கையால் மெஷினை ஓட்டிப் பூப்போடும் கலைஞர்களிடம் பழையதைக் காட்டினால் பூவின் ஓட்டத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். விலை சில நூறு ரிங்கிட்டிலிருந்து சில ஆயிரம்வரை போகும். அந்தக் காசு ஒரு கைத்தொழிலுக்கும் சோறு போடும்.

பெரிய வீட்டுக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். விக்டோரியா ராணியின் மூத்த மகளுக்கு 1841-ல் செய்த ஞானஸ்நான உடுப்பை பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் 2004 வரை குழந்தை மாற்றிக் குழந்தைக்குப் போட்டார்கள். துணி இனித் தாங்காது என்றதும் அதே மாதிரி ஒன்று தைத்து, 2008-லிருந்து நகலைப் போடுகிறார்கள். பழையது ஓய்வெடுக்கிறது, வழக்கம் தொடர்கிறது.

11. உடுப்போடு விவரத்தையும் எடுத்து வை

யார் உடுத்தியது, யார் தைத்தது, எந்தக் கல்யாணத்துக்கு? தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, அவர் குரலைப் போனில் பதிவு செய். முன், பின், உள்பக்கம், பூவேலை என்று படம் எடு. பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து எடுத்தால் அளவும் தெரியும். பெயரும் விவரமும் பென்சிலால் தாளில் எழுதிப் பெட்டியில் போடு. துணியில் பேனா படக்கூடாது.

வெளிர்நீலமோ வெள்ளையோ, பூ குறைவான கெபாயா ஒன்று கூட இருந்தால் மட்டமானது என்று ஒதுக்கிவிடாதே. பெரானக்கான் வீடுகளில் நீலம், வெள்ளை, பச்சை, கறுப்பு துக்க காலத்து நிறங்கள். அது யாருக்காகவோ துக்கம் காத்த உடுப்பாக இருக்கலாம். கேட்டு எழுதி வை.

ஒப்பிட்டுப் பார்க்க சர்ச் ஸ்திரீட்டில் இருக்கும் பினாங்கு பெரானக்கான் மாளிகைக்கு ஒருமுறை போய் வா. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பித்தான் சுங் கெங் குவீ கட்டிய வீடு அது. ஐந்தாம் பிரதமர் அப்துல்லா படாவியின் துணைவியார் எண்டோன் மாமுட் பழைய கெபாயாக்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 2005-ல் காலமான அவர் நியோன்யா கெபாயா பற்றி எழுதிய நூலின் படங்கள், உன்னுடையது எந்தக் காலத்தது என்று கணிக்க உதவும்.

12. பெட்டி திறக்க நாள் குறி

வருடத்துக்கு இரண்டு முறை போதும். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவில் ஒருமுறை. பினாங்கில் மழை குறைந்த காலம் அது. செப்டம்பர் மழை பிடிக்கும் முன் ஆகஸ்டில் ஒருமுறை. வெயில் படாத அறையில் விரித்து, காற்றாடவிட்டு, ஓரம், அக்குள், மடிப்பு மூன்றையும் பார்த்து, புது மடிப்பில் எடுத்து வை. பட்டுச் சேலைகளுக்கும் அன்றைக்கே இதைச் செய்துவிடு.

அன்று தனியாக உட்காராதே. மகளோ, அண்ணன் மகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவை. கையைக் கழுவச் சொல்லி, உள்பக்கம் திருப்பிக் காட்டு. உடுப்பு யாருக்கு என்ற பேச்சையும் நாலு பேர் முன்னால் அப்போதே பேசி முடி. பங்கு கேட்பவர் இரண்டு பேர் இருந்தால் வெட்டிப் பிரிக்காமல் வருடம் மாற்றி வருடம் வைத்துக்கொள்ளச் சொல். ஆசையாகக் கேட்பவளைவிட, பெட்டி திறக்கிற நாளில் தவறாமல் வந்து நிற்பவளிடம் கொடு. பார்த்துக்கொள்ளப் போவது அவள்தான்.